குறுவையில் வயல் நீர்க் குழாய்: ஒரு ஏக்கரில் காய்ச்சலும் பாய்ச்சலும்

அறுவடை முடிந்து மூட்டையும் எண்ணியாயிற்று. மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் துளைக் குழாய் ஊன்றி, அதன்படி காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சிய மூன்று மாவிலும் (ஒரு ஏக்கர்), வழக்கம்போலத் தண்ணீர் நிறுத்திய பக்கத்து மூன்று மாவிலும் கண்ட நெல் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றிரண்டு மூட்டை வித்தியாசத்தை மிஷின்காரர் மூலையில் விட்டுப்போன கதிரே சரிக்கட்டிவிடும். ஆனால் மோட்டார் ஓடிய நேரம் குழாய் வயலுக்குக் கால்வாசிக்கு மேல் குறைந்திருக்கிறது. மறப்பதற்குள் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன், வேறு யாராவது அடுத்த குறுவைக்கு (ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல்) செய்து பார்க்க நினைத்தால் உதவும்.

முதலில் வயலைப் பற்றி. மன்னார்குடிப் பக்கம், கனத்த களிமண். ஆற்றுப் பாசனம்தான் என்றாலும் மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவைக்கு நாங்கள் நம்புவது 7.5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டாரைத்தான். ரகம் கோ 51, சுமார் 108 நாள் பயிர். நாற்றங்காலில் இருக்கும் நாட்களைக் கழித்தால் நடவு வயலில் 85 நாள் போல நிற்கும்.

இதில் ஏன் இறங்கினேன் என்றால், கார்பன் கிரெடிட் என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்த ஒரு தம்பி, நெல் வயலிலிருந்து மீத்தேன் போகிறது, தண்ணீரை விட்டு விட்டுக் கட்டினால் அது பாதியாகும், அதற்குப் பணம் வரும் என்றார். பணம் எவ்வளவு என்று கேட்டால் சிரித்தார். சரி, அவர் கணக்கு இருக்கட்டும், நாமே செய்து பார்த்துக் கணக்கும் போட்டுவிடுவோம் என்று தோன்றியது. அவர் சொன்ன விஷயம் பொய் இல்லை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றுப் புகாத சேற்றில், மக்குகிற வைக்கோலையும் வேரையும் தின்று ஒருவகை நுண்ணுயிரி மீத்தேனை விடுகிறது. அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. மண்ணுக்குள் காற்றுப் போனால் அந்த நுண்ணுயிரி அடங்கிவிடும். இந்தியாவின் மொத்த வெளியேற்றத்தில் விவசாயத்தின் பங்கு சுமார் 14 சதவீதம், அதிலும் பாதிக்கு மேல் மாடு எருமைகளின் அசைபோடல்தான், நெல் வயல் ஆறில் ஒரு பங்கு போல. 2021-ல் கிளாஸ்கோவில் போடப்பட்ட மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடாததற்கு இந்தச் சிறு விவசாயிகளின் பிழைப்பும் ஒரு காரணம்.

நம்பிக்கை வருவதற்காக ஒரு சோதனை. வாய்க்கால் ஓரத்தில் மாசக்கணக்காகத் தண்ணீர் நிற்கிற குழி ஒன்று இருக்கிறது, உள்ளே பழைய வைக்கோல் அழுகிக் கிடக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடியை அறுத்து, மூடி மேலே இருக்கும்படி முழுக்க அமிழ்த்தி, காற்றில்லாமல் தண்ணீர் நிரம்பியதும் மூடியைத் திருகிவிட்டு, அடியில் மூங்கில் கழியால் சேற்றைக் கிளறினால் குபுகுபுவென்று குமிழி ஏறும். பாட்டிலில் பாதி தண்ணீர் கீழே இறங்கியபின் மூடியைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் பக்கென்று வெளிர்நீலத்தில் ஒரு சுவாலை வந்து போகும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 1776-ல் வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றில் இப்படித்தான் இந்த வாயுவைப் பிடித்தாராம். இதை வைத்து அளவு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் மண்வெட்டியோடு சுற்றி நின்றவர்கள் அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

இனிக் குழாய். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்வது 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டம், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. நம் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 40 செ.மீ. நீளம். நான் 40 எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் மண்ணுக்குள் 20 போனால் 15 செ.மீ. குறிக்குக் கீழேயும் கொஞ்சம் தண்ணீர் தெரியும், அளவு தப்பாது. போர்வெல் போட்டபோது மிச்சமான 7 அங்குலக் கேசிங் துண்டு கொட்டகையில் கிடந்தது, அதை ஹேக்ஸாவால் அறுத்தேன். கையை உள்ளே விட்டுச் சேறு அள்ளும் அளவுக்கு அகலம் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது.

துளை போடுவதில்தான் நேரம் போயிற்று. ஆணியைச் சுட்டுக் குத்தினால் சீக்கிரம் முடியும் என்று முதல் குழாயை அப்படிச் செய்தேன். துளை விழும், ஆனால் உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் உதடு மாதிரி பிதுங்கி நிற்கும், அந்த உதட்டில் களிமண் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்ததற்கு டிரில்லும் 5 மி.மீ. பிட்டும். வளைவில் பிட் வழுக்கும், அதனால் முதலில் ஆணி முனையால் ஒரு தட்டுத் தட்டிப் பள்ளம் வைத்துவிட்டு டிரில்லை வைக்க வேண்டும். அடிப்பாதியில் மட்டும் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் துளை, மேல் பாதியில் துளையே கூடாது, இருந்தால் நிற்கிற தண்ணீர் நேரே உள்ளே கொட்டிவிடும். அப்புறம் துளைப் பகுதியைச் சுற்றி நைலான் கொசுவலை, அதன்மேல் கேபிள் டை. பிட் 60 ரூபாய், வலை 120, டை ஒரு பாக்கெட் 50. புதுக் குழாய் வாங்க வேண்டியிருந்தால் செலவில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும்.

எங்கே ஊன்றுவது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரப்போரம் கூடாது, மடை வாயில் கூடாது, ஆனால் வரப்பில் நின்று பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய சங்கதி வயல் மட்டம். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிப் பிடித்துப் பார்த்தால், பரம்படித்துச் சமமாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வயலில் வடக்கு மூலைக்கும் தெற்கு மூலைக்கும் 6 செ.மீ. வித்தியாசம். குழாயைப் பள்ளத்தில் வைத்தால் மேடு காய்ந்து வெடித்த பிறகும் அது தண்ணீர் இருக்கிறது என்றே சொல்லும். மேட்டில் வைத்தால் பள்ளம் ஒருநாளும் காயாது, மீத்தேன் விஷயத்தில் பாதி வயல் வீண். தொழி உழவிலேயே (நடவுக்கு முந்திய சேற்றுழவு) இன்னொரு தடவை குறுக்கில் பரம்படித்து 3 செ.மீ.க்குக் கொண்டுவந்தோம். நடு மட்டம் உள்ள இடத்தில் ஒரு குழாய், மேட்டில் ஒன்று, ஆக இரண்டு. தீர்மானம் எடுப்பது நடுக்குழாயை வைத்து, மேட்டுக் குழாய் எச்சரிக்கைக்கு.

ஊன்றியதும் உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். மறுநாள் உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணி சுட்ட குழாய் இங்கே மாட்டிக்கொண்டது: வெளியே தண்ணீர் வற்றிப் பாதம் பதியும் பதத்தில் இருக்கிறது, உள்ளே பார்த்தால் நிறைய. அடைத்துக்கொண்ட குழாய் வெறும் டம்ளர்தானே. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. குவளையால் உள்ளே இருப்பதை இறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், நல்ல குழாயில் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும், அடைத்த குழாயில் ஏறாது. அதைப் பிடுங்கி, உதடுகளைக் கத்தியால் சீவி, வலை சுற்றி, குழியைக் கொஞ்சம் அகலமாக எடுத்துக் குழாயைச் சுற்றி ஆற்று மணல் இரண்டு விரல் கனத்துக்குப் போட்டு மறுபடி ஊன்றினேன். களிமண் வயலுக்கு இந்த மணல் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

அளவு பார்ப்பதற்கு முதலில் பள்ளிக்கூட ஸ்கேல். ஒவ்வொரு தடவையும் சேற்றில் இறங்க வேண்டியிருந்ததால் அலுத்துப்போய், தெர்மாகோல் வில்லையில் ஈர்க்குச்சியைக் குத்தி மிதக்கவிட்டேன், குச்சியில் நகப்பூச்சால் குறி: மண் மட்டத்துக்குச் சிவப்பு, அதற்கு மேலே, தண்ணீர் 10, 15 செ.மீ. இறங்கியதைக் காட்ட இரண்டு கோடு. குழாய் வாயில் குறுக்கே கட்டிய கம்பிக்கு எந்தக் கோடு வந்து நிற்கிறதோ அதுதான் அளவு, வரப்பிலிருந்தே தெரியும். தவளை உட்கார்ந்துவிட்டால் மட்டும் அளவு கோணும். வாயில் ஒரு துண்டு வலை கட்டினால் தவளையும் வராது, நத்தையும் வராது.

நட்டபின் முதல் இரண்டு வாரம் காய விடவில்லை, 2 முதல் 5 செ.மீ. தண்ணீர் நின்றது. பயிர் வேர் பிடிக்க வேண்டும், களை முளைக்காமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் மிச்சம் பிடித்த தண்ணீரையெல்லாம் களையெடுப்புக் கூலியாகக் கொடுக்க வேண்டியதுதான்.

அதற்கப்புறம்தான் முதல் காய்ச்சல். சித்தப்பாவுக்கு இது ஆகவே இல்லை. "தண்ணி நின்னாத்தான்டா நெல்லு. நீ வெடிக்க விட்டுட்டுக் குழாய எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிற" என்று வரப்பிலிருந்தே சத்தம் போட்டார். அவர் பயம் நியாயமானது. காய்ச்சலும் பாய்ச்சலும் எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. எவ்வளவு காயலாம் என்று தெரியாததால்தான் யாரும் தைரியமாக விடுவதில்லை. மேலே மண் வெளுத்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். குழாயில் எட்டிப் பார்த்தால் அப்போது தண்ணீர் 4, 5 செ.மீ. கீழேதான் இருக்கிறது, வேருக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று தண்ணீர் இறங்கும் வேகம். மண்ணுக்கு மேலே நிற்கும்போது நாளுக்கு ஒரு செ.மீ. சுமாராக இறங்குகிறது. மண் மட்டத்தைத் தாண்டியதும் அதே வெயிலில் நாளுக்கு 3 செ.மீ., சில நாள் 4. யோசித்தால் புரிகிறது: மேலே நிற்பது முழுக்கத் தண்ணீர், கீழே மண்ணுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் மட்டும்தான் தண்ணீர், அதனால் அதே அளவு தண்ணீர் போனாலும் மட்டம் வேகமாக இறங்கும். ஆக, 5 செ.மீ. கட்டினால் ஐந்து நாள் நிற்கிறது, அப்புறம் நான்கு ஐந்து நாளில் 15 செ.மீ. குறிக்கு வந்துவிடுகிறது. 10-க்கு வந்தபிறகு தினமும் பார்க்காமல் இருக்கக் கூடாது, அங்கிருந்து விறுவிறுவென்று போகும்.

புத்தகத்தில் பாதுகாப்பான எல்லை 15 செ.மீ. எங்கள் களிமண்ணில் முதல் தடவை 15 வரை விட்டதும் விரல் நுழையும் வெடிப்பு விழுந்துவிட்டது. மோட்டார் போட்டால் தண்ணீர் வயலில் பரவாமல் வெடிப்பில் இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு பாய்ச்சலுக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம். சேமித்ததில் பாதி அங்கேயே போயிற்று. அதிலிருந்து 10-லேயே நிறுத்திக்கொண்டேன். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் தண்ணீர் கட்டு என்று செம்மை நெல் சாகுபடியில் சொல்வார்கள், எங்கள் வயலில் மயிரிழை தெரிகிற நாளில் குழாய் 8-லிருந்து 10-க்குள்தான் காட்டியது. மணல் சேர்ந்த மண்ணில் 15 வரை தாராளமாகப் போகலாம் என்று நினைக்கிறேன், களிமண்காரர்கள் 10-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காய்ச்சலில் ஒரு வேடிக்கை. சாயங்காலம் 7 செ.மீ. கீழே இருந்த தண்ணீர் காலையில் 3-க்கு ஏறியிருந்தது. மழை இல்லை, மோட்டார் போடவில்லை. மேல் வயல்காரர் இரவு தண்ணீர் கட்டியிருக்கிறார், அவர் வரப்பில் இருந்த நண்டு வளை வழியாக எல்லாம் எங்களுக்கு வந்திருக்கிறது. குழாய் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. ஒவ்வொரு வளையாகத் தேடி, மிதித்து, களிமண் உருண்டை வைத்து அடைத்து, உள்வரப்பைச் சேறு பூசி மெழுகியதில் அரை நாள் இரண்டு ஆளுக்குப் போயிற்று. "அண்ணே, உங்க தண்ணி எங்களுக்கு வருது" என்று சொன்னபோது மேல் வயல்காரருக்கும் கொஞ்சம் அதிர்ச்சிதான், தன் வயலில் தண்ணீர் நிற்பதில்லை என்று ரொம்ப நாளாக அவர் மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை இந்த வேலை நடவுக்கு முன்னால், வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டும்போதே.

மீத்தேன் குறைப்பில் இந்தக் கசிவு பெரிய இடைஞ்சல். ஒரு வயலை மட்டும் காய வைப்பது என்பது காகிதத்தில்தான் எளிது. தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்து போகிற ஊரில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் சேர்ந்தால்தான் நடக்கும். எனக்கு எதிர்வரப்புக்காரர் நல்லவர்.

உரம். யூரியாவைக் காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு உடனே தண்ணீர் கட்ட வேண்டும், அப்போது உரம் தண்ணீரோடு வேருக்கு இறங்கும். போட்டுவிட்டு மறுநாள் கரண்ட் வரட்டும் என்று காத்திருந்தால் காற்றோடு போய்விடும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரித்தேன். இன்னொன்றும் இருக்கிறது: விட்டு விட்டுக் காய்கிற மண்ணில் தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடுதலாகப் போகும், அது ஒரு கிலோவுக்கு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதனால் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, பச்சை குறைந்தால் மட்டும் போட்டேன். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான் என்பதால் யூரியாவை அள்ளிவிடுவது எல்லாருக்கும் பழக்கம். கடைசித் தவணையில் முக்கால் மூட்டை மிஞ்சியது.

களையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கூடியது. குதிரைவாலிப் புல்லும் கோரையும் காய்ந்த இடைவெளியில் எழும்பி வந்தன. கையால் தள்ளும் களைக்கருவியான கோனோவீடரை மெல்லிய தண்ணீர் கட்டி இரண்டு தடவை ஓட்டினோம், அது மண்ணைக் கிளறிக் காற்றும் விடும். வரிசை நடவாக இருந்ததால் ஓட்ட முடிந்தது. அப்படியும் கையால் பிடுங்க ஆள் விட வேண்டியிருந்தது, வழக்க வயலைவிடக் கூலி ஆயிரத்துச் சொச்சம் கூடுதல்.

தொண்டைக்கதிர் (கதிர் வெளியே வருமுன் உறைக்குள் பருக்கும் பருவம்) வந்ததிலிருந்து பூத்து முடியும்வரை காய்ச்சல் கிடையாது. பூக்கும் சமயத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தினோம், அந்த நேரத்தில் பயிர் வாடினால் பதர்தான் மிஞ்சும். பால் பிடித்தபின் மறுபடி காய்ச்சலும் பாய்ச்சலும், அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கையில் முழுக்க நிறுத்தியாயிற்று. குழாய் வயல் சீக்கிரம் இறுகியதால் மிஷின் புதையாமல் ஏறி இறங்கியது, வழக்க வயலின் ஒரு மூலையில் புதைந்து திணறியது. மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்களுக்கு இது எவ்வளவு என்று தெரியும்.

இப்போது கணக்கு. வயலில் மீத்தேனை நேரடியாக அளக்க மூடிய பெட்டி வைத்து, ஊசியால் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும், அது நமக்கு ஆகாது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2019-ல் திருத்திய வழிகாட்டியின்படி தெற்காசியாவில் தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்குச் சராசரி ஒரு ஹெக்டேருக்கு நாளுக்கு 0.85 கிலோ மீத்தேன். ஏக்கருக்கு 0.34. அதை 85 நாளால் பெருக்கினால் 29 கிலோ. பல தடவை காயவிடும் வயலுக்கு இதில் 0.55 பங்கு, அதாவது 16 கிலோ. மிச்சம் 13 கிலோ மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால் 350 கிலோ. சுமார் 130 லிட்டர் டீசல் எரித்தால் வருவது. நைட்ரஸ் ஆக்சைடுக்காக 40 கிலோ சொச்சம் கழித்தாலும் 300-க்கு மேல் நிற்கிறது.

பணமாக்கினால்? ஒரு டன்னுக்கு 20 டாலர் என்று தாராளமாக வைத்தாலும் ஏக்கருக்கு 6 டாலர், இடையில் இருப்பவர்கள் பங்கு போக விவசாயி கைக்கு முன்னூறு நானூறு ரூபாய். களைக்குக் கூடுதலாகப் போனதைக்கூட அது கட்டாது. அந்தத் தம்பி ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது.

ஸ்டார்டர் பெட்டியில் மோட்டார் ஓடும் மணிகளை எண்ண 400 ரூபாய்க்கு ஒரு ஹவர் மீட்டர் மாட்டியிருந்தேன், வயலுக்கு வயல் மடை மாற்றும்போது எழுதி வைத்ததில் குழாய் ஏக்கருக்கு 35 மணி நேரம் போல மோட்டார் குறைவாக ஓடியிருக்கிறது. மணிக்கு ஆறரை யூனிட், ஒரு யூனிட்டுக்கு நம் நாட்டில் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்றால் அதுவே 160 கிலோ. மீத்தேன் குறைந்ததில் பாதி அளவு மோட்டாரை நிறுத்தியதாலேயே! ஆனால் விவசாய மின்சாரம் நமக்கு இலவசம், ஆகையால் பையில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவருக்கு இது வேறு கதை, அவர் ஒரே பருவத்தில் குழாய்ச் செலவைப் பல மடங்கு எடுத்துவிடுவார். எனக்குக் கிடைத்தது மோட்டார் காயில் கருகுவது குறைந்தது, கோடைக் கடைசியிலும் போர் தண்ணீர் இழுத்தது, அவ்வளவுதான்.

குறுவை அறுத்தபின் நடும் தாளடிக்கும் இதே குழாய்களை ஊன்றினேன். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் அவை தண்ணீருக்குள் போய்விட்டன, ஈர்க்குச்சி மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. வடிகால் வாய்க்காலே நிரம்பி நிற்கும்போது வயலை எப்படிக் காய வைப்பது? டெல்டாவில் சம்பா தாளடிக்கு இந்த முறையைப் பரிந்துரைப்பவர்கள் ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

தாளடியில் கை வைக்க வேண்டியது வைக்கோலில். குறுவை அறுத்துச் சில வாரத்துக்குள் தாளையும் (அறுத்தபின் நிற்கும் அடிக்கட்டை) வைக்கோலையும் மடக்கி உழுது தண்ணீர் கட்டி நட்டுவிடுகிறோம். அதே ஐ.பி.சி.சி. கணக்கில் ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலை நடவுக்கு ஒரு மாதத்துக்குள் மடக்கினால் மீத்தேன் கிட்டத்தட்ட 2.9 மடங்காகிறது, ஒரு மாதத்துக்கு முன்பே மடக்கி மண்ணில் மக்கவிட்டால் 1.5 மடங்குதான். காய்ச்சலும் பாய்ச்சலும் கொடுப்பதைவிட இது பெரிய வித்தியாசம், இதைப் பற்றி அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில் ஒரு மாத இடைவெளி எங்களுக்குக் கிடைக்காது, அதனால் வைக்கோலைக் கட்டி வெளியே எடுப்பது ஒன்றுதான் வழி. இந்த முறை கட்டு மிஷின் வருவதற்குள் மழை வந்து பாதி நனைந்துவிட்டது. அடுத்த குறுவைக்கு அறுவடை மிஷினோடு சேர்த்தே கட்டு மிஷினுக்கும் முன்பணம் கொடுத்துவிட வேண்டும், தாளையும் அடியோடு ஒட்ட அறுக்கச் சொல்ல வேண்டும். வைக்கோலுக்கு மாட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள், விலை பிரச்சினை இல்லை. கோடையில் தரிசாகக் கிடக்கும்போதே கோடை உழவு போட்டுத் தாளடித் தாளை மடக்கிவிட்டால் குறுவைக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

அடுத்த குறுவைக்கு மாற்றப்போவது: மட்டம் பார்ப்பது கோடை உழவோடு, லேசர் லெவலர் வாடகைக்குக் கிடைத்தால் அதிலேயே. நண்டு வளை அடைப்பு நடவுக்கு முன். குழாய் ஏக்கருக்கு இரண்டுதான், ஆனால் இரண்டுக்கும் வலையும் மணலும் முதலிலேயே. நகப்பூச்சு வெயிலில் உரிந்துவிடுகிறது, எனாமல் பெயிண்ட் தொட்டு வைக்க வேண்டும். மேல் வயல்காரர் தனக்கும் இரண்டு கேட்டிருக்கிறார். கேசிங் துண்டு தீர்ந்துவிட்டது, கடையில் 4 அங்குலக் குழாய்தான் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிறது, அதற்குள் என் கை நுழையாது, சேறு அள்ள நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றைப் பட்டறையில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா குழாய் கேட்கவில்லை. ஹவர் மீட்டர் எந்தக் கடையில் வாங்கினாய் என்று மட்டும் கேட்டார்.